அம்மைக்கென்று வகுத்த அடுக்களை

தூத்துக்குடியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டுக்குப் பின்னால் சங்குகளைக் கொட்டிக் குவித்து வைக்கிற ஒரு கிட்டங்கி இருந்தது. சங்குச் சதை அழுகும் நாற்றம் அடுக்களைக்குள் வரும் என்பதால் அங்கே இருந்த ஒரே சன்னலையும் நான் திறந்ததில்லை. புகை போக வேறு வழியும் கிடையாது. சுவர்கள் கடலிலிருந்து வெட்டியெடுத்த கடல்கல்லில் கட்டியவை. மழை நாளில் உப்புப் பூத்து, பொரிந்து, மாவு மாதிரி உதிரும். காலையில் அடுப்புப் பற்றவைக்கும் முன்னால் சுவரோரம் உதிர்ந்து கிடப்பதைக் கூட்டி அள்ளுவதுதான் என் முதல் வேலை. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அந்த வீட்டில்தான் இருந்தேன். என் மகள் பிறந்ததும் அங்கேதான். சாப்பாட்டில் சுவர் உதிர்ந்து விழாத ஒரு வீடு வேண்டும் என்பதைத் தவிர அந்த வயதில் எனக்குப் பெரிய ஆசை எதுவும் இருந்ததாக நினைவில்லை.

என் வீட்டுக்காரருக்குக் கொழும்பில் பலசரக்குக் கடை. பொங்கலுக்கு ஒரு தடவை, ஆடி கழிந்து ஒரு தடவை கப்பலில் வருவார். சில நாட்கள் இருந்துவிட்டுப் போய்விடுவார். எங்கள் ஆட்களில் பாதிப் பேர் வீடு அப்படித்தான் இருந்தது. ஆண்கள் கொழும்பில், பெண்கள் இங்கே. அதனால் அது எனக்கு ஒரு குறையாகப் படவில்லை. அவர் இல்லாத மாதங்களில் ஏதாவது ஒன்று வேண்டுமென்றால் என் அண்ணன் இருந்தான். ஏரலில் கருப்பட்டி மொத்த வியாபாரம். அவன் சரக்கில் பெரும்பகுதி என் வீட்டுக்காரர் கடைக்குத்தான் கப்பலேறும். அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டதால் எனக்கு மாப்பிள்ளை பார்த்தது, பிரசவச் செலவு பார்த்தது, மகளுக்குக் காது குத்தியது எல்லாம் அவன்தான். காய்ச்சல் என்று சொல்லி அனுப்பினால் மறுநாள் வாசலில் நிற்பான். உலகத்தில் யாரை நம்புவாய் என்று அப்போது யாராவது கேட்டிருந்தால் யோசிக்காமல் அவனைச் சொல்லியிருப்பேன்.

யுத்தம் தொடங்கிய அடுத்த வருஷம், ஆடி கழிந்து வந்தவர், ஏரலுக்கு அப்பால் நிலம் வாங்கியிருப்பதாகச் சொன்னார். அண்ணன்தான் பார்த்து முடித்துக் கொடுத்திருந்தான். அதுவரை இரண்டு பேரும் என்னிடம் மூச்சு விடவில்லை. நல்ல செய்தியை நேரில் சொல்லலாம் என்று வைத்திருந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

"வீட்டுக்குள்ள இருக்கப் போறது நீதான். எங்கன எது வேணும்னு நீயே சொல்லு. மச்சான் கூட நின்னு கட்டித் தருவான்" என்றார்.

எங்கள் பக்கத்தில் எந்தப் பெண்ணிடமும் அப்படி ஒருவர் கேட்டு நான் கேள்விப்பட்டதில்லை. வீடு கட்டி முடித்துப் பால் காய்ச்சுகிற அன்றுதான் பெண்கள் வீட்டையே பார்ப்பார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கிணற்றடியில் பக்கத்து வீட்டுக்காரியிடம் அன்றே சொல்லிவிட்டேன்.

அவர் கொழும்புக்குக் கப்பலேறிய பிறகு நான் தரையில் கோலப்பொடியால் வீடு போட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். மத்தியானம் மகள் தூங்கும்போது போடுவேன், அவர் வந்தால் தங்குகிற அறை இது, நெல் வைக்கிற அறை இது என்று. சாயங்காலம் கூட்டித் தள்ளிவிட்டு மறுநாள் வேறு மாதிரி போடுவேன். அண்ணன் தூத்துக்குடிக்குச் சரக்கு அனுப்ப வரும்போதெல்லாம் காட்டுவேன். அவன் செருப்பைக் கழற்றிவிட்டுக் கோட்டை மிதிக்காமல் சுற்றி வந்து பார்ப்பான்.

பிறகு நிலத்தைப் பார்க்கவே போனேன். அப்போது பெட்ரோல் கிடைக்காமல் பஸ்கள் கரியில் ஓடத் தொடங்கியிருந்தன. ஏற்றத்தில் நின்றுவிடும், இறங்கித் தள்ள வேண்டும். ஏரலில் இறங்கி அண்ணன் வண்டியில் போனோம். நிலத்துக்கு ஒரு பக்கம் ஆற்றுத் தண்ணீர் பாய்கிற வாழைத் தோட்டம். மற்ற பக்கம் செம்மணல் தேரி, கண்ணுக்கெட்டிய மட்டும் பனை. ஆனியிலும் ஆடியிலும் மேற்கே இருந்து அடிக்கிற காற்று தேரி மணலை வாரிக்கொண்டு வந்து கொட்டும் என்று தோட்டக்காரர் சொன்னார். அதனால் வாசலை மேற்கே வைக்கக் கூடாது என்றேன். கிழக்கே பார்த்து வாசல், மேற்குச் சுவரில் உயரத்தில் சின்னச் சன்னல்கள் மட்டும். அண்ணன் சரி என்றான். கடல்கல் ஒன்றுகூட வேண்டாம், ஆற்றங்கரைச் சூளைச் செங்கல்தான் என்றேன். அதற்கும் சரி என்றான். அடுக்களை தனியே துருத்திக்கொண்டு நிற்க வேண்டும், இரண்டு பக்கம் சன்னல், மேலே புகைபோக்கி. சரி. மழைத் தண்ணீர் முற்றத்தில் தேங்காமல் வாழைக்கே ஓட வேண்டும். சரி. நான் சொன்ன எதையும் அவன் மறுக்கவில்லை. இவ்வளவு பொறுமை உள்ள அண்ணன் யாருக்குக் கிடைப்பான் என்று வண்டியில் திரும்பும்போது நினைத்தேன்.

கிணறு தோண்டித் தண்ணீர் இனிப்பாக வந்த அன்று நான் அங்கே இருந்தேன். கயிறு பிடித்து, முளை அடித்து, சுண்ணாம்புப் பொடி தூவி, என் கோலப்பொடி வீடு முழு அளவில் மண்மேல் கிடந்தது. அறைக்குள் அறையாக நடந்து பார்த்தேன். கொத்தனார், மனையடிக் கணக்குப்படி ஒரு அறையைச் சற்றே குறைக்க வேண்டும் என்றார். அதைப் பேசி முடித்துக்கொண்டிருந்தபோதுதான் அண்ணன் வடக்குப் பக்கம் கையைக் காட்டினான்.

"இங்கன ஒரு அறையும் ஒரு அடுக்களையும் தனியாப் போட்டுருவமா" என்றான்.

ஒரு வீட்டுக்கு எதற்கு இரண்டு அடுக்களை என்று கேட்டேன். அவன் கொத்தனாரை அந்தப் பக்கம் போகச் சொல்லிவிட்டு என் பக்கத்தில் வந்தான்.

"அம்மைக்கு" என்றான். "ஒன் மதினிக்கும் அவளுக்கும் ஒத்து வரல. ஒனக்கே தெரியும். ஒன்கிட்ட வந்து இருன்னா, மவளக் கட்டிக் கொடுத்த வீட்டுல கை நனைக்க மாட்டேன்னு சொல்லுவா. தனி அடுப்பு இருந்தா அவ பொங்கி அவ திம்பா. யாரும் ஒண்ணும் சொல்ல முடியாதுல்லா."

எனக்குக் கண் கலங்கிவிட்டது. அம்மை அவன் வீட்டில் பட்ட பாடு எனக்குத் தெரியும். மதினி கெட்டவள் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அம்மைக்கு அங்கே கதவு வைத்த ஒரு மூலைகூடக் கிடையாது. கருப்பட்டிச் சிப்பங்களுக்குப் பக்கத்தில் பாய் விரித்துப் படுப்பாள். இத்தனை வருஷமும் அதைக் கண்டும் காணாதது போல் இருக்கிறான் என்று நினைத்திருந்த அண்ணன், மனசுக்குள் இப்படி ஒரு வழி யோசித்து வைத்திருக்கிறான். அவன் கையைப் பிடித்துக்கொண்டு, இதை மட்டும் நான் தனியாக வகுத்துத் தருகிறேன் என்றேன்.

என் அடுக்களையைவிட அந்த அடுக்களையைத்தான் நான் அதிகம் யோசித்தேன். அம்மைக்கு மூட்டு வலி, குத்தவைத்து உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டாள். அதனால் நின்றுகொண்டே சமைக்கிற மாதிரி மேடை கட்டி அடுப்பு வைக்கச் சொன்னேன். கொத்தனாருக்கு அது பிடிக்கவில்லை. பெண்பிள்ளைகள் நின்றுகொண்டு சமைக்கிற வழக்கம் நம்மிடம் இல்லையே என்று இழுத்தார். அண்ணன் முந்திக்கொண்டு, தங்கச்சி சொன்னபடி வையும் என்றான். கிணற்றடியைப் பார்த்து ஒரு சன்னல் வைத்தேன், யார் வருகிறார்கள் போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே அவளுக்குப் பொழுது போகும். நிலைப்படி உயரம் இல்லாமல் தரையோடு தரையாக. அறையிலிருந்து அடுக்களைக்கு நேரே ஒரு கதவு. என் பக்கத்துக்கு வர நடுச்சுவரில் ஒரு கதவு.

அம்மையிடம் உனக்கு வேறு என்ன வேண்டும் என்று கேட்டேன்.  "உள்ள இருந்து சாத்திக்கிடுத மாதிரி ஒரு தாப்பா வையி" என்றாள். அது ஒன்றைத்தான் கேட்டாள்.

இப்போது நினைத்தால் சில இடங்களில் எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். அம்மை அறையை நான் வகுத்ததைவிட அகலமாக்கச் சொன்னான் அண்ணன். ஒரு கிழவிக்கு எதற்கு என்றதற்கு, பேரப்பிள்ளைகள் வந்தால் படுக்க வேண்டாமா என்றான். ஆசாரி உத்திரத்தில் தொட்டில் கொக்கி அடிக்கிற அன்று அம்மையின் அறையிலும் ஒன்று அடித்தார். யார் சொன்னது என்று கேட்டேன், அண்ணாச்சிதான் என்றார். அண்ணன் சிரித்துக்கொண்டே, "வீடுன்னா எல்லா அறையிலயும் கொக்கி கெடக்கணும்ளா, பின்னால தேடவா முடியும்" என்றான். நானும் சிரித்தேன். என்னிடம் அவன் ஒன்றை மறைப்பான் என்று தோன்றினால்தானே சந்தேகம் வரும்.

மறு வருஷம் மார்கழிக்குப் பிறகு, ஜப்பான்காரன் பர்மாவுக்குள் வந்ததால், ரங்கூனிலிருந்து மரம் வருவது நின்றது. கதவுகளுக்கு பர்மாத் தேக்கு என்று பேசியிருந்தோம். கடைசியில் வாசல் கதவு ஒன்றுதான் தேக்கு, மற்றதெல்லாம் வேம்பு. கூரைக்குப் பனைமரத்தில் அறுத்த பனங்கை. சிமெண்டு கண்ணில் காணக் கிடைக்காததால் தூத்துக்குடியிலிருந்து சிப்பிச் சுண்ணாம்பு வாங்கி அனுப்பி, கருப்பட்டித் தண்ணீர் ஊற்றி அரைத்துப் பூசினார்கள். அந்தப் பூச்சு வழவழவென்று, கை வைத்தால் குளிர்ந்தது.

பங்குனி கடைசியில் கொழும்பில் குண்டு விழுந்தது என்று சேதி வந்தது. அடுத்தது தூத்துக்குடித் துறைமுகம்தான் என்று ஊரே சொன்னது. தெருவில் பாதி வீடுகள் பூட்டிக்கொண்டு உள்நாட்டுக்குப் போயின. சட்டி பானை, கோழி, ஆட்டுக்குட்டியோடு வண்டிகள் ஸ்ரீவைகுண்டம் சாலையில் வரிசையாகப் போனதை வாசலில் நின்று பார்த்தேன். என் வீட்டுக்காரர் உயிரோடிருக்கிறார் என்று தந்தி வரும்வரை நான் சோறு தின்னவில்லை. அண்ணன் வந்து, பூச்சு முழுக்கக் காயாவிட்டாலும் பரவாயில்லை, வைகாசியில் பால் காய்ச்சிவிடுவோம், இனி இங்கே இருக்க வேண்டாம் என்றான். எனக்காகத்தான் அவசரப்படுகிறான் என்று நினைத்தேன். சங்குக் கிட்டங்கிக்கு நிரந்தரமாக முதுகைக் காட்டிவிட்டு மகளோடு கரி பஸ் ஏறினேன்.

பால்காய்ப்பு அன்று கூட்டம் அதிகமில்லை. ஊர் பயந்து கிடந்த காலம். என் வீட்டுக்காரர் முந்தின நாளே மன்னார் வழியாக வந்து ஏரலில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தார். காலையில் அவரும் அண்ணனும் சேர்ந்தே வந்தார்கள். அம்மை தனி வண்டியில் தன் தகரப் பெட்டியும் அம்மிக்கல்லும் ஏற்றிக்கொண்டு வந்து இறங்கினாள். புதுச்சேலை கட்டியிருந்தாள். நான் என் அடுக்களையில் பால் பொங்க வைத்த பிறகு, அம்மையும் தன் மேடை அடுப்பில் ஒரு சின்னச் செம்பில் பால் வைத்தாள். நின்றபடியே வைத்தாள். பொங்கியதும் முதல் வாய் என் மகளுக்குக் கொடுத்தாள். அண்ணன் வாசற்படியில் நின்று அதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தான். 

வெயில் ஏறிய பிறகு இன்னொரு வண்டி வந்தது. அதிலிருந்து ஒரு பெண் இறங்கினாள். என்னைவிடச் சின்னவள். இடுப்பில் கைக்குழந்தை, கையில் நாலு வயசுப் பெண்பிள்ளை. கொழும்பிலிருந்து தப்பி வந்த யாரோ கடை ஆளின் குடும்பம் என்று நினைத்தேன். அப்போது அப்படி எத்தனையோ பேர் வந்துகொண்டிருந்தார்கள். உள்ளே கூப்பிட்டு, பாய் போட்டு, பிள்ளைகளுக்குப் பாலும் பழமும் கொடுத்தேன். கைக்குழந்தையை வாங்கி வைத்துக்கொண்டு அவளைக் குடிக்கச் சொன்னேன்.

அவள் குடிக்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு யாழ்ப்பாணத்துப் பேச்சில் மெல்லச் சொன்னாள்.

"அக்கா, நான் பயந்து பயந்துதான் வந்தனான். நீங்கள் இப்பிடி இருப்பீங்கள் எண்டு நினைக்கேல்லை. எனக்கெண்டு தனியக் குசினி வைக்கச் சொன்னதே நீங்கள்தான் எண்டு இவர் சொன்னவர். நிண்டு சமைக்கிற மாதிரி மேடையும் நீங்கள் கேட்டு வைச்சதாம். கொழும்பிலை நாங்கள் நிண்டுதான் சமைக்கிறது. நீங்கள் செய்ததை நான் மறக்க மாட்டன்."

எனக்கு முதலில் விளங்கவில்லை. இவர் என்றால் யார் என்று கேட்டேன். அவள் வாசல் பக்கம் பார்த்தாள். அங்கே என் வீட்டுக்காரர் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்த நாலு வயசுப் பிள்ளை எழுந்து ஓடி, அவர் வேட்டியைப் பிடித்து அப்பா என்றது. நான் கைக்குழந்தையை அவள் மடியில் வைத்தேன். அவள் என்னையும் வாசலையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு முகம் வெளுத்துப் போயிற்று. எனக்கு ஒன்றும் தெரியாது என்பது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

நான் என் வீட்டுக்காரரிடம் போகவில்லை. அண்ணனைத் தேடிப் போனேன். அவன் கிணற்றடியில் நின்றான்.

"எப்பத் தெரியும் ஒனக்கு" என்று கேட்டேன்.

"நெலம் பாக்கிறதுக்கு முன்னமே."

கொழும்புக்குச் சரக்கோடு போயிருந்தபோது பார்த்ததாகச் சொன்னான். மூத்தது அப்போதே நடந்துகொண்டிருந்ததாம். என் வீட்டுக்காரர் அவளைத் தூத்துக்குடிக்கே கொண்டுவந்து என்னோடு வைக்கப் பார்த்தாராம்.

"நான்தாம்ளா முடியாதுன்னு நின்னேன். எந் தங்கச்சிக்கு மொதல்ல ஒரு வீட்டக் கட்டு, அவளுக்குத் தனி அடுப்பு வையி, ரெண்டும் கலக்கப்படாதுன்னு சொன்னேன். நான் சண்ட போடலன்னா ஒனக்கு இதுகூடக் கெடச்சிருக்காது. இனிமே நீ என்ன செஞ்சிருக்க முடியும், சொல்லு."

அவன் எனக்காகப் பேசி வாங்கித் தந்ததாக அவன் உண்மையாகவே நம்பினான். அது அவன் குரலில் தெரிந்தது. அதுதான் என்னை எரித்தது.

"அம்ம பேர எதுக்குச் சொன்ன" என்றேன்.

அவன் கிணற்றைப் பார்த்தான். "வேற எதச் சொன்னாலும் நீ துருவித் துருவிக் கேட்டிருப்ப" என்றான்.

திரும்பினேன். வடக்குச் சன்னலில் அம்மை நின்றிருந்தாள். கிணற்றடியில் பேசுவது அங்கே நன்றாகவே கேட்கும்.

அன்று இலை போட்டுச் சாப்பாடு நடந்தது. வந்தவர்களில் சிலருக்கு முன்பே தெரிந்திருக்கிறது என்பது அவர்கள் என்னைப் பார்க்காமல் சாப்பிட்டதிலிருந்து தெரிந்தது. நான் பரிமாறினேன். எப்படிப் பரிமாறினேன் என்று இப்போது கேட்டால் சொல்லத் தெரியவில்லை. கூட்டம் கலைந்ததும் என் வீட்டுக்காரர் வந்து நின்றார். எல்லாம் உன்னிடம் சொல்லிச் சம்மதம் வாங்கிவிட்டதாக உன் அண்ணன் சொன்னான், அதை நம்பித்தான் கூட்டி வந்தேன் என்றார். அண்ணனோ, நானே அவளிடம் சொல்லிக்கொள்கிறேன் என்று அவர் சொன்னார், அதனால்தான் நான் வாய் திறக்கவில்லை என்றான். இரண்டு பேரில் யார் சொன்னது பொய் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இரண்டுமே பொய்யாகவும் இருக்கலாம்.

அம்மை சாயங்காலம் வரை தன் தகரப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தாள். அந்தப் பெண் தன் பிள்ளைகளோடு முற்றத்தில் ஒரு மூலையில் இருந்தாள், உள்ளே போகச் சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை. நான் அம்மையிடம், நீ எங்கும் போக வேண்டாம், என் பக்கத்தில் என்னோடு இரு என்றேன்.

"மருமவன் சோத்துல நான் எப்பிடி இருப்பேன்" என்றாள். "இந்தப் பிள்ளையள எங்க போவச் சொல்லுவ? குண்டு விழுத ஊருக்கா?"

பிறகு அவளே எழுந்து அண்ணனிடம் வண்டி பூட்டச் சொன்னாள். அம்மிக்கல்லை அவனே தூக்கி ஏற்றினான். புதுச்சேலையோடு, வந்த வண்டியிலேயே திரும்பிப் போனாள். அவள் படுத்திருந்த மூலையில் மதினி அதற்குள் சிப்பங்களை அடுக்கிவிட்டிருந்தாள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

நானும் மகளைக் கூட்டிக்கொண்டு எங்காவது போய்விடலாம் என்று அந்த வாரம் முழுக்க நினைத்தேன். எங்கே போவது? பிறந்த வீடு என்பது அண்ணன் வீடுதான். தூத்துக்குடி காலியாகிக் கிடந்தது. பிறகு ஒரு நாள் காலையில் முற்றத்தைக் கூட்டிக்கொண்டிருந்தபோது, நான் எதற்காகப் போக வேண்டும் என்று தோன்றியது. இந்த வீட்டில் ஒவ்வொரு சன்னலும் நான் சொல்லி வைத்தது. கொத்தனாரைக் கூப்பிட்டனுப்பி நடுச்சுவரில் இருந்த கதவை எடுத்துவிட்டுச் செங்கல் வைத்து அடைக்கச் சொன்னேன். என் வீட்டுக்காரர் பார்த்துக்கொண்டே நின்றார். தடுக்கவில்லை. அன்று முதல் அவர் என் பக்கம் வந்தால் சோறு போடுவேன், மகளோடு பேசிக்கொண்டிருப்பார், போய்விடுவார். ஒரு நாள் சொல்ல வேண்டும் என்றுதான் இருந்தேன் என்று தொடங்கினார். எழுந்து போய் மாட்டுக்குத் தண்ணீர் காட்டினேன். மறுபடி அவர் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. யுத்தம் முடிந்ததும் கடையைப் பார்க்க அவர் மட்டும் கொழும்புக்குப் போய் வர ஆரம்பித்தார். இரண்டு பெண்களும் இங்கேயே இருந்தோம்.

அவளோடு பேசாமலே ஒரு வருஷம் ஓட்டினேன். கிணற்றடிக்கு அவள் வந்தால் நான் உள்ளே போய்விடுவேன். முதல் மேல்காற்றுக் காலத்தில் தேரி மணல் அவள் பக்கத்தை மூடியதைப் பார்த்தும் பேசாமலிருந்தேன். அவளுடைய சின்னதுக்கு மாந்தம் வந்து இழுத்தபோதுதான் என் மகள் என் கையைப் பிடித்து அங்கே இழுத்துக்கொண்டு போனாள். பிள்ளை பிழைத்தது. அதற்குப் பிறகு தேவைக்குப் பேசினோம். அவள் என்னை அக்கா என்பாள், நான் ஏளா என்பேன். அவளும் ஏமாற்றிக் கொண்டுவரப்பட்டவள்தான். அது எனக்குத் தெரியும். தெரிந்தும், அந்த மேடை அடுப்பில் அவள் நிமிர்ந்து நின்று சமைப்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். நல்ல அடுக்களை என்று வருகிறவர்கள் எல்லாம் சொல்வார்கள்.

கணவன்மார் இப்படிச் செய்வதை நான் கேள்விப்பட்டிருக்கிறேன். ஊரில் இரண்டு மூன்று வீடுகளில் பார்த்தும் இருக்கிறேன். அவர் செய்தது கொடுமை, ஆனால் அதற்கு ஒரு பெயர் இருந்தது, அழுவதற்கு ஒரு வழி இருந்தது. அண்ணன் செய்ததற்குப் பெயர் தெரியவில்லை. கோட்டை மிதிக்காமல் சுற்றி வந்து பார்த்தானே, அந்த ஒவ்வொரு தடவையும் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. என் ஆசையைக் கேட்டுக் கேட்டு, சரி சரி என்று சொல்லி, அதை வைத்தே இன்னொருத்திக்கு வீடு முடித்துக் கொடுத்திருக்கிறான். வேறு யாராவது செய்திருந்தால் முட்டாளாக்கிவிட்டார்கள் என்று திட்டித் தீர்த்திருப்பேன்.

நல்ல நாளுக்கு அவன் வரிசை கொண்டு வருவான். வாங்கி வைப்பேன். சாப்பிடச் சொல்வேன். ஆனால் அவனிடம் எதையும் சொல்வதை விட்டுவிட்டேன். மகள் பெரியவளானதைக்கூட வேறு ஆள் மூலம்தான் சொல்லி அனுப்பினேன்.

அம்மை அவனை மன்னித்துவிட்டாள். அது எனக்கு விழுந்த இன்னொரு அடி. அவளைப் பார்க்க ஏரலுக்குப் போயிருந்த ஒரு நாள், அவன் பேச்சு வந்தபோது, "அவன் என்ன செய்வான், பாவம். மருமவன் கைய விட்டா அவன் யாவாரம் என்னாவும்" என்றாள். சிப்பங்களுக்குப் பக்கத்துப் பாயில் உட்கார்ந்துகொண்டு சொன்னாள். அவளைவிட எனக்குத்தான் அந்த அறை போனதில் அதிக வருத்தம் என்பது போல் இருந்தது. உனக்குக் கோபமே வரவில்லையா என்று கேட்டேன். "கோவப்பட்டு? அவன்ட்டதான இருக்கேன்" என்றாள்.  சுதந்திரம் வந்த வருஷம் அவள் அங்கேயே இறந்தாள்.

மறு வருஷம் அண்ணன் ஒரு நாள் வந்தான். நல்ல வெயில். சாப்பிட்டுவிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு, என் பக்கத்து அறைகளை எழுந்து போய்ப் பார்த்தான். மேற்குச் சன்னல்களை அண்ணாந்து பார்த்தான். ஏரலுக்கு வெளியே தனக்கு ஒரு மனை அமைந்திருக்கிறது என்றான். பழைய வீடு பற்றவில்லை, மகனுக்குக் கல்யாணம் வைக்க வேண்டும்.

"நீ ஒரு தடவ வந்து பாத்துச் சொல்லு. இந்த வீடு மாதிரி காத்தோட்டமா எங்கயும் இல்ல. ஒன்னய மாதிரி யாருக்கு வகுக்கத் தெரியும்" என்றான்.

அவன் அதைச் சங்கடமில்லாமல், இயல்பாகக் கேட்டான். எனக்குக் கோபம்கூட வரவில்லை. இவன் மனசில் அதெல்லாம் எப்போதோ ஆறிப்போன விஷயம், நான்தான் இத்தனை வருஷமும் தனியாக அதைச் சுமந்துகொண்டிருக்கிறேன் என்று மட்டும் புரிந்தது. எனக்கு இப்போது வெளியே வரத் தோதுப்படாது என்றேன். அறுப்பு முடிந்ததும் வாயேன் என்றான். பார்ப்போம் என்றேன்.

நான் போகவில்லை. அவன் இரண்டு முறை ஆள் அனுப்பினான். பிறகு அவனாகவே கட்டிக்கொண்டான். பால்காய்ப்புக்கு என் வீட்டுக்காரரும் அவளும் பிள்ளைகளும் போய் வந்தார்கள். வாசலை மேற்கே வைத்துவிட்டான், வீடெல்லாம் மணல் என்று அவள் வந்து சொன்னாள்.